சம்பளமா, பங்கா? ஒரு சேலம் ஸ்டூடியோவும் சில வீடியோ கேம் வழக்குகளும்

திருச்செங்கோடு பக்கத்து நண்பன் ஒருத்தன் மூணு வருஷமா ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு கேம் பண்ணிட்டு இருக்கான். போன மாசம் வெளியூர் பப்ளிஷர் ஒருத்தர் அட்வான்ஸ் தர்றேன்னு ஒப்பந்தம் அனுப்பியிருக்கார். "நீ படிச்சுப் பாருடா"ன்னு எனக்கு அனுப்பினான். நானும் பொட்டி தட்டுறவன்தான், வக்கீல் இல்லை. ஆனா படிக்கப் படிக்க, இது நம்ம ஊர்ல எப்பவோ பார்த்த படமாச்சேன்னு தோணிச்சு. அதான் இந்தப் பதிவு.

சேலத்துல இருந்து ஏற்காடு போற ரோட்ல மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு நிக்கும், பார்த்திருப்பீங்க. 1935ல அந்த ஸ்டூடியோவைத் தொடங்கினவர் டி.ஆர். சுந்தரம். சொந்த ஊர் திருச்செங்கோடு. இங்கிலாந்தில் லீட்ஸ் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படிச்சவர். 1937ல 'சதி அகல்யா', 1938ல மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்', 1956ல தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'னு வரிசையா எடுத்துத் தள்ளினார். நூத்துக்கும் மேல படங்கள். ரகசியம் என்னன்னா, அது ஒரு மில் மாதிரி ஓடிச்சு. நடிகர், எழுத்தாளர், டெக்னீஷியன்னு பலர் மாசச் சம்பளத்துல இருந்தாங்க. நேரத்துக்கு வரணும், நேரத்துக்குப் படம் முடியணும்.

சம்பளம் நிச்சயம், அது பெரிய விஷயம்தான். ஆனா சம்பளத்துக்கு எழுதினது யாரோடது? அப்ப நம்ம நாட்டுல இருந்தது 1914ம் வருஷச் சட்டம், 1911ல பிரிட்டிஷ்காரன் போட்டதோட நகல். வேலையில இருக்கும்போது வேலைக்காக எழுதினா, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் முதல் உரிமையாளர் முதலாளிதான். வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே எழுதி வச்சிருந்தது மட்டும், எழுதிக் கொடுக்காத வரைக்கும், எழுதினவனோடது. 1950ல வந்த 'மந்திரி குமாரி'யையே எடுத்துக்குங்க. கருணாநிதி தன்னோட நாடகத்தையே படத்துக்கு எழுதினார். நாடகம் ஒரு சொத்து, ஸ்டூடியோவுக்காக எழுதின வசனம் இன்னொரு சொத்து. அவர் ஒப்பந்தத்தைப் பத்தி நான் பேசலை, சட்டம் இந்த ரெண்டையும் தனித்தனியாத்தான் பார்க்கும்னு சொல்ல வர்றேன். நண்பனோட ஒப்பந்தத்துல இந்தக் கோடே இல்லை! அவன் முன்னாடியே எழுதி வச்ச எஞ்சின் கோடும் சேர்த்து பப்ளிஷருக்குன்னு போட்டிருந்தது.

1957ல புதுச் சட்டம் வந்துச்சு. 17வது பிரிவு அதே கதைதான், கூடவே காசு கொடுத்து சினிமா எடுக்கச் சொன்னவருக்கும் உரிமைன்னு ஒரு வரி. அந்த வரியை வச்சு பெரிய சண்டை நடந்துச்சு. பாட்டு எழுதுறவங்க, இசையமைப்பாளர்கள் சார்பா ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு ஒரு பக்கம், கிழக்கு இந்திய சினிமாக்காரங்க சங்கம் மறுபக்கம். 1977ல சுப்ரீம் கோர்ட் தயாரிப்பாளர் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரைக்கும், படத்துக்காகக் காசு வாங்கிப் போட்ட மெட்டு தயாரிப்பாளரோடது. நீதிபதி கிருஷ்ணய்யர் தனியா ஒரு குறிப்பு எழுதி, பாடுறவங்களுக்குச் சட்டத்துல ஒண்ணுமே இல்லையே, பார்லிமென்ட் யோசிக்கணும்னு சொன்னார். பார்லிமென்ட் யோசிச்சு முடிக்க 35 வருஷம் ஆச்சு :-)

சரி, கேமுக்கு வருவோம். அமெரிக்காவுல அடாரி கம்பெனி. 1978ல சுமார் பத்து கோடி டாலருக்கு கார்ட்ரிட்ஜ் வித்திருக்கு. அதுல ஆறு கோடி டாலர், நாலே நாலு புரோகிராமருங்க எழுதின கேம்ல இருந்து வந்ததுன்னு அவங்களே கணக்குப் போட்டாங்க: டேவிட் கிரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான். பெட்டியில பேர் போடுங்க, விக்கிறதுல ஒரு சின்னப் பங்கு கொடுங்கன்னு தலைவர் ரே கஸ்ஸார்கிட்ட கேட்டாங்க. அவரும் ஜவுளித் துறையில இருந்து வந்தவர்! துண்டுக்கு டிசைன் போடுறவங்களும் நீங்களும் ஒண்ணுதான்ங்கற மாதிரி பதில் சொன்னதா அந்த நாலு பேர்ல ஒருத்தர் பின்னாடி சொல்லியிருக்கார். நம்ம ஊர் நெசவுக்காரங்க காதுல இது எப்படி விழும்னு யோசிச்சுப் பாருங்க.

நாலு பேரும் வெளிய வந்து 1979ல ஆக்டிவிஷன் தொடங்கினாங்க. 1980ல அடாரி வழக்குப் போட்டுச்சு. 1982ல சமரசம், ஆக்டிவிஷன் ராயல்டி கட்ட ஒத்துக்கிச்சு. அடுத்தவன் மெஷினுக்கு வெளியாள் கேம் எழுதலாம்ங்கற தொழிலே அதுக்கப்புறம்தான் காலூன்றிச்சு.

முப்பது வருஷம் கழிச்சு அதே ஆக்டிவிஷன் மாமியார் ஆயிடுச்சு. 'மாடர்ன் வார்ஃபேர் 2' நூறு கோடி டாலரைத் தாண்டி வித்த கொஞ்ச நாள்ல, 2010 மார்ச்சில், அதைப் பண்ணின இன்ஃபினிட்டி வார்டு தலைவர்கள் ஜேசன் வெஸ்ட், வின்ஸ் ஸாம்பெல்லா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிட்டாங்க. வரவேண்டிய பணம் 3.6 கோடி டாலர்னு இவங்க வழக்கு, கம்பெனி பதில் வழக்கு. 2012ல கோர்ட்டுக்கு வெளிய பேசி முடிச்சாங்க.

இதை விட எனக்கு வயித்தெரிச்சல், அப்சிடியன் கதைதான். 2010ல பெதஸ்தாவுக்காக 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' பண்ணினாங்க. மெட்டாகிரிட்டிக் மார்க் 85 வந்தா போனஸ். வந்தது 84. வழக்கெல்லாம் இல்லை, கையெழுத்துப் போட்டாச்சே.

நண்பனோட ஒப்பந்தத்துல என்னை உறுத்தினது அட்வான்ஸ் கழிக்கிற முறை. நாமக்கல் பக்கம் கறிக்கோழி வளர்க்கிறவங்களுக்கு உடனே புரியும். குஞ்சு, தீவனம், மருந்து கம்பெனியோடது; கொட்டாய், கரண்ட், உழைப்பு நம்மளோடது; கைக்கு வர்றது வளர்ப்புக் கூலி. கேம்ல எப்படின்னா, பத்து லட்சம் அட்வான்ஸ், 30 சதவீதப் பங்குன்னு வச்சுக்குங்க. அந்தப் பத்து லட்சத்தை மொத்த வருமானத்துல கழிக்க மாட்டாங்க, நம்ம முப்பதுல இருந்து கழிப்பாங்க. அதாவது 33 லட்சத்துக்கு மேல வித்தாத்தான் அடுத்த ரூபாய். அதுக்குள்ள அவங்க போட்ட பத்து போக 23 லட்சம் அவங்க கையில. விளம்பரச் செலவை மொத்தத்துல முதல்ல கழிச்சா நம்ம கோடு இன்னும் தள்ளிப் போகும்.

2012 திருத்தத்துல சினிமாவுக்கு எழுதுறவங்க, இசையமைக்கிறவங்க, தியேட்டரில் படமா ஓடுறது தவிர்த்த மத்த பயன்பாட்டு ராயல்டியில சம பங்கை எழுதிக் கொடுக்கவே முடியாதுன்னு வந்துடுச்சு. அந்த வரி சினிமா, ஒலிப்பதிவு ரெண்டையும்தான் சொல்லுது. கம்ப்யூட்டர் புரோகிராம் சட்டப்படி இலக்கியப் படைப்புதான் (நம்ம கோடைப் படிச்சவங்க சிரிப்பாங்க), ஆனா கேமுக்குன்னு பேர் சொல்லி அப்படி ஒரு பாதுகாப்பு இல்லை. 19வது பிரிவு மட்டும் கொஞ்சம் உதவும். எத்தனை வருஷம்னு எழுதாம விட்டா அஞ்சு வருஷம்தான், எந்த நாடுன்னு எழுதாம விட்டா இந்தியா மட்டும்தான். பப்ளிஷரோட வக்கீல் அதை விடுவாரா? நிரந்தரமா, உலகம் பூராவும்னு எழுதியே வச்சிருந்தார்.

டொரொன்டோவுல இருந்து 2023ல 'வெண்பா'ன்னு ஒரு கேம் வந்துச்சு, கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தோட சமையல் கதை. விசை கேம்ஸ் அவங்களே பண்ணி, அவங்களே வெளியிட்டாங்க. நண்பன்கிட்ட சொன்னேன். "அவங்களுக்கு சரி, எனக்கு அடுத்த எட்டு மாச வாடகை?"ன்னான்.

எஞ்சின் கோடை மட்டும் தனியா எடுத்து எழுதச் சொல்லி மெயில் போட்டிருக்கான். இன்னும் பதில் வரலை.

டிஸ்கி: வக்கீல் பதிவர்கள் யாராச்சும் இருந்தா, 17வது பிரிவு பத்தி நான் சொன்னதைப் பின்னூட்டத்துல கும்மலாம்.