தீக்காப்பீட்டு குமாஸ்தா வரைந்த தேவதைகள்

ஒரு காலத்தில் படங்களை மரக்கட்டையில் செதுக்கித்தான் அச்சிட்டார்கள். ஓவியர் என்னதான் வரைந்தாலும் அச்சில் விழுந்தது செதுக்கியவரின் கோடுதான். அந்த இடைக்கை விலகிய காலத்தில் தலையெடுத்தவர் ஆர்தர் ராக்கம்.

1867-ல் லண்டனில், 12 பிள்ளைகள் கொண்ட குடும்பத்தில் பிறந்தார். 18 வயதில் தீக்காப்பீட்டு நிறுவனமொன்றில் குமாஸ்தா. வேலை நேரம் போக லாம்பெத் ஓவியப் பள்ளியில் படிப்பு. 1892-ல் வேலையை உதறிவிட்டுப் பத்திரிகைக்குப் படம் போட வந்தார். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், கேட்டதையெல்லாம் வரைந்துகொடுத்த காலம்தான்.

1905-ல் வந்தது அவர் படம் வரைந்த 'ரிப் வான் விங்கிள்' புத்தகம். 51 வண்ணப் படங்கள்! அப்போது மூவண்ண அச்சு சூடுபிடித்திருந்தது. மூலப் படத்தை வண்ண வடிகட்டிகள் வழியே தனித்தனியாகப் புகைப்படமெடுத்து, பிளாக் செய்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். ஒரு மை மயிரிழை விலகினாலும் படம் கலங்கிவிடும். ராக்கமோ முதலில் பேனா மையில் உருவத்தை இறுக்கிக் கட்டிவிட்டு, அதன்மேல் பழுப்பும் சாம்பலுமாக மெல்லிய நீர்வண்ணம் பூசுவார். வண்ணம் சற்றுத் தடுமாறினாலும் கோடு தாங்கிக்கொள்ளும். அவருடைய மங்கல் நிறத்தைக் கனவுலகத்தின் அழகு என்று புகழ்கிறார்கள். அதில் பாதி, அச்சு இயந்திரத்தை அறிந்தவரின் சாமர்த்தியம் என்பேன். முகம் முளைத்த மரங்களும் முறுக்கேறிய வேர்களும் அந்தக் கோட்டுக்குக் கிடைத்த கொண்டாட்டம்.

வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்டு, தடித்த தாளில் ஒட்டி, மேலே மெல்லிய தாள் மூடி விற்றார்கள். ஓவியர் கையெழுத்திட்ட விலை உயர்ந்த பதிப்பு தனி. மூல ஓவியங்கள் லெஸ்டர் கேலரியில் விலைபோயின. ஆக, ஒரே படத்துக்கு மூன்று வருமானம். குமாஸ்தா கணக்கு வீண்போகவில்லை.

1906-ல் 'பீட்டர் பேன்', 1907-ல் 'ஆலிஸ்'. 'ஆலிஸ்' என்றால் முன்பே அதற்கு வரைந்திருந்த டெனியலின் படங்கள்தான் என்றிருந்த விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். 1914-ல் வந்த போர் இந்த ஆடம்பரப் புத்தகச் சந்தையையே சுருக்கிவிட்டது.

'தி விண்ட் இன் தி வில்லோஸ்' கதைக்கு வரையும்படி முன்பு கேட்டபோது, கைநிறைய வேலை இருந்ததால் மறுத்துவிட்டார். அந்த வருத்தம் அவரைவிட்டுப் போகவில்லை. 1936-ல் அமெரிக்கப் பதிப்பாளர் ஒருவர் மூலம் அதே வாய்ப்பு திரும்ப வந்தது. புற்றுநோயோடு வரைந்தார். கடைசிப் படத்தில், எலியும் அகழெலியும் ஏறப்போகும் படகில் துடுப்பு இல்லை என்று நினைவு வந்ததும், முடியாத உடம்போடு எழுந்து துடுப்பை வரைந்துவிட்டே படுத்தார் என்பது மகள் சொன்ன செய்தி. 1939 செப்டம்பரில் இறந்தார். புத்தகம் அடுத்த ஆண்டு வெளிவந்தது.