அத்தாப்பு ஓலைக்குக் கீழே ஓர் அம்மன்

பேரையூர் வட்டாரத்தில் பிடிமண் கோயில் என்றால் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பிழைப்புத் தேடி ஊர்பெயர்ந்தவர்கள், குலதெய்வத்தின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்துவந்து, குடியேறிய இடத்தில் பீடம் போட்டுக் கும்பிட்ட கோயில் அது. கடல் கடந்த தமிழர்களும் இதே மனத்தோடுதான் போனார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் அதற்குச் சாட்சி.

1819 மே மாதம் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது, பினாங்கில் அரசு எழுத்தராக இருந்த நாராயண பிள்ளையும் உடன் வந்தார். புதிதாக முளைக்கும் ஊருக்கு வீடுகள் வேண்டும் என்று கண்டு செங்கல் சூளை போட்டார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். பின்னர் வைத்த துணிக்கடை தீக்கிரையாகி, கடன் கழுத்தை நெரித்தது. அதிலிருந்தும் மீண்டார்.

பிள்ளை எழுப்ப நினைத்த கோயிலுக்கு அரசு முதலில் கொடுத்த இடம் தெலுக் ஆயர் தெருவில். அங்கே பூசைக்கு நல்ல தண்ணீர் இல்லை. அடுத்துக் கிடைத்த இடம் ஸ்டாம்ஃபோர்டு கால்வாய் ஓரம்; அது நகரத் திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. மூன்றாவதாகத்தான் சவுத் பிரிட்ஜ் சாலை அமைந்தது. 1827இல் மரத்தூண் நட்டு, அத்தாப்பு ஓலை வேய்ந்து, பிள்ளை ஒரு சின்ன அம்மனைப் பிரதிஷ்டை செய்தார். கொள்ளைநோய்க்கு அஞ்சி வாழ்ந்த குடியேறிகள், நோய் தீர்க்கும் மாரியைத் துணைக்கு அழைத்ததில் வியப்பில்லை. 1843இல் செங்கல் கட்டடம் எழுந்தது.

ஜப்பானின் ஹொக்காய்டோ தீவிலும் குடியேறிகளுக்கென ஒரு ஷிண்டோ கோயில் உண்டு. ஆனால், சப்போரோவில் இருக்கும் அக்கோயிலுக்கு வித்திட்டது 1869இல் மெய்ஜி பேரரசர் இட்ட ஆணை. காடு திருத்த வந்தவர்களைக் காக்க மூன்று தெய்வங்களை அரசே அனுப்பிவைத்தது. சிங்கப்பூரில் அரசு கொடுத்தது நிலம் மட்டுமே. தெய்வத்தைக் குடியேற்றியவர்கள் அந்த மக்கள்தாம்.

ஆகவே மாரியம்மன் கோயில் அவர்கள் வாழ்வின் எல்லாத் தேவைக்கும் திறந்திருந்தது. கப்பலில் வந்திறங்கியவர்கள் வேலையும் வீடும் கிடைக்கும்வரை அங்கே தங்கினார்கள். இந்துக்களின் திருமணங்கள் அங்கே நடந்து பதிவாயின. 1973இல் சிங்கப்பூர் அரசு கோயிலைத் தேசிய நினைவுச்சின்னமாக அறிவித்தது.

புலம்பெயர்ந்தவர்களின் வரலாற்றைக் கப்பல் பதிவுகளிலும் கூலிக் கணக்குகளிலும் தேடுகிறோம். அவை அவர்களை உழைப்பாளிகளாக மட்டுமே காட்டும். அந்நிய மண்ணைத் தம் ஊராக்கிக்கொள்ள அவர்கள் எடுத்த முடிவை இந்தக் கோயில்தான் சொல்கிறது.