பெட்ரோல் தீர்ந்த நாளில் தொடங்கிய கதை

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசம் போனது. பர்மாவிலிருந்து வந்த எண்ணெய் நின்றது. அடி மதுரை வரை விழுந்தது. திருக்குறுங்குடிக்காரரான டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911இல் தொடங்கிய கம்பெனியின் பஸ்களுக்கு ரேஷன் பெட்ரோல் எந்த மூலைக்கும் போதவில்லை. வண்டிகளை ஷெட்டில் ஏற்றிவிட்டுப் போர் முடியும்வரை காத்திருப்பதுதான் வழியா?

ஐயங்காரின் பட்டறை அடுப்புக்கரியைக் கையில் எடுத்தது. பஸ்ஸோடு ஓர் இரும்பு உருளையைப் பொருத்தினார்கள். அதற்குள் காற்றை மட்டுப்படுத்திக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த வாயு கிளம்பும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் போதும், ஒரு சொட்டு பெட்ரோல் இல்லாமல் சக்கரம் உருளும். இழுவை குறைவு, மேட்டில் மூச்சு வாங்கும், நெருப்பு மூட்டிக் காத்திருந்துதான் கிளம்ப முடியும். ஆனாலும் பஸ் நிற்கவில்லை. ‘டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்’ ஊர் ஊராகப் பேர் வாங்கியது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் அந்த உருளைகளுக்கு வேலை போயிற்று. பின்னாளில் அந்தப் பஸ்களுக்கே வேறொரு சோதனை வந்தது.

1972இல் அரசு அவற்றை எடுத்துக்கொண்டது. பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ்ஸால் எழுந்த குடும்பத்திடம் பஸ் இல்லை. 1980இல் அவர்களின் ஓசூர் ஆலையிலிருந்து வந்தது டி.வி.எஸ். 50 மொபெட். பால் கேனும் மல்லிகை மூட்டையும் சுமந்து மதுரைச் சாலைகளை நிறைத்த அந்தக் குட்டி வண்டிதான் அவர்களைக் கிராமம் கிராமமாகக் கொண்டு சேர்த்தது. அதன் முழு அருமை தெரிய நாற்பது வருஷம் ஆனது.

இடையில் ஒரு தோல்வி. 2000களின் கடைசியில் தங்கள் ஸ்கூட்டி ஸ்கூட்டரை பேட்டரியில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். கனத்த ஈய பேட்டரி, குறைந்த தூரம்; வண்டி எடுபடவில்லை. 2012 மார்ச்சோடு மத்திய அரசின் மானியமும் நின்றது, மின் ஸ்கூட்டர் சந்தையே படுத்தது. பழைய கம்பெனிகள் தயங்கி நின்ற அந்த இடைவெளியில் புதியவர்கள் புகுந்தார்கள்.

2013இல் சென்னை ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள் ஏத்தர் என்ற மின் ஸ்கூட்டர் கம்பெனியைத் தொடங்கினார்கள். 2021 ஆகஸ்ட் 15இல் ஓலா தன் ஸ்கூட்டரை அறிமுகப்படுத்தியது. கிருஷ்ணகிரி போச்சம்பள்ளியில் 500 ஏக்கரில் ஆலை எழுந்தது. இனி பழையவர்கள் கதை முடிந்தது என்றே பலரும் பேசினார்கள். ஆனால் அதற்கு முன்பே, 2020 ஜனவரி 25இல், ஓசூர்க்காரர்கள் பெங்களூரில் சத்தமில்லாமல் ஒரு வண்டியை இறக்கியிருந்தார்கள். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார், ஒரு சார்ஜுக்கு 75 கிலோமீட்டர், விலை 1.15 லட்சம். இரண்டே மாதத்தில் ஊரடங்கு வந்தது.

அதையும் தாண்டி வண்டி மெல்ல மெல்ல ஊர்களுக்குள் நுழைந்தது. ஓலாவின் விற்பனை உச்சத்துக்குப் போனது. பின்னாலேயே சர்வீஸ் புகார்களும் குவிந்தன. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பேட்டரியும் மோட்டாரும் யாரும் வாங்கிப் பொருத்தலாம்; பழுதென்றால் தள்ளிக்கொண்டு போகும் தூரத்தில் ஒரு மெக்கானிக் வேண்டுமே! மொபெட் காலத்திலிருந்து ஊர்தோறும் வளர்ந்த கடைகள் அங்கேதான் கைகொடுத்தன என்பேன்.

2025 ஏப்ரலில் நாட்டின் மின் இருசக்கர வாகனப் பதிவில் டி.வி.எஸ். முதன்முறையாக முதலிடம் பிடித்தது. மதுரை மாட்டுத்தாவணி சிக்னலில் சத்தமே இல்லாமல் பஸ்களுக்கு நடுவே நுழைந்து போகிறதே, 2020இல் இறங்கிய அந்த ஐக்யூப்தான் அதைச் சாதித்தது.