சந்தைச் சொற்களிற் படிந்த வரலாறு

கொழும்பில் ஒல்லாந்தரின் சுவடுகளைத் தேடுவோர் கொட்டாஞ்சேனையை அடுத்த வுல்வெண்டால் தேவாலயத்துக்குச் செல்வர். 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்ட அக்கட்டடம் சிறந்த சான்றென்பதில் ஐயமில்லை. ஆயினும் வெள்ளவத்தைச் சந்தையின் மரக்கறிக் குவியலும் அதற்குக் குறையாத ஆவணமென்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். துருக்கி மொழியில் 'பஸார்' என்னும் சொல் சந்தையையும் ஞாயிற்றுக்கிழமையையும் ஒருங்கே குறிக்கும். திங்கட்கிழமையின் பெயரோ 'சந்தைக்கு மறுநாள்' எனப் பொருள்படும். அங்கே கிழமையின் பெயரில் வாணிபம் பதிந்துள்ளது. நம் சந்தையிலோ காய்களின் பெயர்களில் ஆட்சிகள் பதிந்துள்ளன.

முதலில் மிளகாயை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கக் கண்டத்துக்குரிய இச்செடி போர்த்துக்கேயரின் கப்பல் வாணிபத்தால் கீழைத்தேசங்களிற் பரவியது. இலங்கைக் கரையை அவர்கள் அடைந்தது 1505இலாகும். அதற்கு முன்னர் நம் கறிக்கு உறைப்பளித்தது மிளகே. புதிய காயைக் கண்ட தமிழர் அதனை மிளகின் உறவாக எண்ணி 'மிளகாய்' என்றனர். சிங்களவர் செய்தது இன்னும் சுவையானது. மிளகைக் குறித்த 'மிரிஸ்' என்னும் பழஞ்சொல்லைப் புதியதற்கு வழங்கிவிட்டு, மிளகைக் 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், என ஆக்கினர். வீட்டுக்குரியவனே அடைமொழி பெற்று ஒதுங்க நேர்ந்தது! தொன்மையானதென நாம் பெருமை பேசும் யாழ்ப்பாணக் கறித்தூளின் செந்நிறம் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டதே.

கோவா என்பது போர்த்துக்கேயரின் 'கோவ்' என்னும் இலைக்கறிப் பெயர். இந்தியக் கோவாவுடன் அதற்குத் தொடர்பில்லை. பாணும் அவர்கள் தந்த சொல்லே. பம்பாயில் அதுவே 'பாவ்' ஆயிற்று. 1656இற் கொழும்பைக் கைப்பற்றி 1796 வரை ஆண்ட ஒல்லாந்தர் விட்டுச்சென்றது போஞ்சி. அவரையினத்தைக் குறிக்கும் 'போன்' என்னும் அவர்தம் சொல்லின் சிறுமை வடிவத்திலிருந்து அது பிறந்தது. அவர்கள் 'மண் ஆப்பிள்' எனப் பொருள்பட வழங்கிய கிழங்கைச் சிங்களம் 'அர்த்தாப்பல்' என ஏற்றது. தமிழோ உருவம் நோக்கி உருளைக்கிழங்கு என்றது. கரட், பீற்றூட், லீக்ஸ் ஆகியன எவர் ஆட்சியில் வந்தன என்பதை விளக்க வேண்டியதில்லை.

தனித்தமிழ் ஆர்வலர் போஞ்சியை 'அவரை' எனத் திருத்தலாம். ஆனால் அவரை நம்மிடம் முன்பே உள்ள வேறொரு காய். சமையலறைக்கு அத்திருத்தம் குழப்பத்தையும் வரலாற்றுக்கு இழப்பையுமே தரும். கல்வெட்டின் எழுத்தைச் சுரண்டுவதற்கு ஒப்பானது அது.

இன்னொன்றும் உண்டு. கோவா, போஞ்சி, பாண் ஆகியன சிங்களவருக்கும் அவ்வாறே. மொழியால் வேறுபட்ட வியாபாரியும் வாடிக்கையாளரும் மொழிபெயர்ப்பின்றி வாங்கி விற்கும் சொற்கள் இவை. 1983 யூலையில் தமிழர் கடைகள் எரியூட்டப்பட்ட வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் அதற்கு முந்திய நாள்வரை அவ்வாறுதான் விற்பனை நடந்தது. பின்னர் கடைகள் மீண்டும் திறந்தபோதும் அதே பெயர்களே ஒலித்தன. இரு இனத்தாரின் பிணக்குகளை ஆராய்ந்த அளவுக்கு இக்கூட்டுச் சொற்களை நம் வரலாற்று மாணவர் ஆராய்ந்தாரல்லர்.

முதிய வியாபாரிகள் சந்தையில் உள்ளபோதே இச்சொற்களைத் தொகுக்கும் பணியை நம் சங்கம் மேற்கொள்ளலாம். அடுத்து மீன்கடைக்குச் செல்வது நன்று. அங்கே பெயர்கள் இன்னும் மிகுதி.