இலைத் தேயிலையும் தாம்பரத்து நீரும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931ஆம் ஆண்டையொட்டியே, அஸ்ஸாமில் மக்கர்ச்சர் என்பார் இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தை நிர்மாணித்தார். முன்னது இப்புறநகரின் வளர்ச்சியை நிர்ணயித்ததுபோல, பின்னது இங்குள்ள அடுக்களைகளின் தேநீரை நிர்ணயித்தது என்பேன்.

காபியையே கௌரவமாகக் கருதிய தமிழ்க் குடும்பங்களுக்கு, 1903இல் பிறந்த தேயிலைத் தீர்வையின் பணத்தால் நடந்த பிரசாரம் போதித்த முறையோ இன்றைய வழக்கத்தினின்று வேறு: பாத்திரத்தை வெந்நீரால் அலம்பி, இலையிட்டு, புதிதாகக் கொதித்த நீரை வார்த்து, சில நிமிஷங்கள் மூடிவைத்து, வடித்த பின்னரே பால் சேர்ப்பது. அவ்வியந்திரம் தந்த மலிவான தூள் வந்ததும், பாலோடு சேர்த்துக் காய்ச்சும் வழக்கமே வென்றது. அதில் குற்றமில்லை, எனினும் இலையின் சுகந்தம் மறக்கப்பட்டது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

1830களில் கேத்தியில் பரிசோதனையாக நடப்பட்ட செடிகளின் வழிவந்த நீலகிரித் தொழில், 1964ஆம் ஆண்டு இந்திய–இலங்கை ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களின் உழைப்பால் தமிழக அரசின் ‘டான்டீ’ தோட்டங்களிலும் தழைத்தது. அம்மலையின் முழு இலையைத் தாம்பரத்திலோ பல்லாவரத்திலோ வீட்டில் ருசிபார்க்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது நீரையே. உப்பும் கடினமும் மிகுந்த கிணற்று நீர் மேலே ஏடு படரச்செய்து, நிறத்தை மங்கவைத்து, மணத்தை அமுக்கிவிடும். வடிகட்டிய மென்னீரில், ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி இலையிட்டு, மூன்று நான்கு நிமிஷங்களில் வடித்து, முதல் மிடற்றைப் பாலின்றியே அருந்துவது உத்தமம்.