துப்பாக்கியின் கண்ணாடியும் ருத்ரப்பிரயாகையின் இருளும்

கேதார, பத்ரி யாத்திரை செல்லும் தமிழன்பர்கள் பலர் ருத்ரப்பிரயாகையில் ஓரிரவு தங்கியிருப்பார்கள். மந்தாகினி அலகநந்தையோடு கூடும் அந்தச் சங்கமத்தில் நீராடியவர்களுக்கு, அவ்வூரார் ஒரு காலத்தில் பொழுது சாய்ந்ததும் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்கியிருந்த வரலாறும் தெரிந்திருக்கலாம். 1918 முதல் 1926 வரை ஓர் ஆட்கொல்லிச் சிறுத்தை அங்கே 125 பேரைக் கொன்றதாக அரசாங்கக் கணக்கு கூறுகிறது. மாண்டவருள் யாத்திரிகரும் உண்டு. அச்சிறுத்தையைச் சுட்டு வீழ்த்தியவர் நைனிடாலில் பிறந்த ஜிம் கார்பெட். அவர் எத்தகைய குறிநோக்கியை நம்பி அந்த இருளில் அமர்ந்தார் என்பதையே இன்று நாம் ஆராயப் புகுகிறோம்.

ரைபிளின் மேல் தொலைநோக்கி பொருத்தும் வழக்கம் அப்போது புதிதன்று. அமெரிக்காவில் 1855-இலேயே வில்லியம் மால்கம் என்பவர் இதைத் தொழிலாகச் செய்யத் தொடங்கிவிட்டார். அவர் காலத்துக் குழாய்கள் துப்பாக்கிக் குழலளவு நீண்டிருந்தன. 1880-இல் ஆஸ்திரியாவின் ஆகஸ்ட் ஃபீட்லர் வேட்டைக்காரர் எளிதிற் கையாளத்தக்க ஒன்றை அமைத்தார். ஆல்ப்ஸ் மலையில் ஒரு முகட்டில் நிற்கும் வரையாட்டை எதிர் முகட்டிலிருந்து சுடுபவனுக்கு அது பெருந்துணையாயிற்று. அவனுக்குத் தூரமே பகை. வெளிச்சத்துக்குக் குறைவில்லை.

கண்ணாடியைத் தேர்வு செய்பவர்கள் பெரும்பாலும் 'எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும்?' என்றே கேட்கிறார்கள். நம் கருத்தில் அது இரண்டாவது கேள்விதான். முதலில் கேட்க வேண்டியது, கண்ணுக்கு எவ்வளவு ஒளி வந்து சேரும் என்பது. முன்வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் விடை கிடைக்கும். 32 மில்லிமீட்டர் வில்லையும் நான்கு மடங்குப் பெருக்கமும் உடைய கண்ணாடி 8 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒளிக்கற்றையைத் தருகிறது. இருளில் நம் கண்மணி விரிவதோ ஏறத்தாழ 7 மில்லிமீட்டர். ஆகவே அது போதும். அதே வில்லையில் எட்டு மடங்கு வேண்டுமென்று ஆசைப்பட்டால், வருவது 4 மில்லிமீட்டர் கற்றை. உருவம் பெரிதாகும், காட்சி மங்கும், பார்வைப் பரப்பும் குறுகும். நிலவொளியில் காட்டுப் பன்றிக்காகக் காத்திருந்த ஜெர்மானியர், எட்டு மடங்கோடு 56 மில்லிமீட்டர் வில்லையை விரும்பியது இக்கணக்கை அறிந்துதான்.

அந்நாளில் வேறொரு குறையும் இருந்தது. கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் நூற்றுக்கு நான்கு பங்கு ஒளி திரும்பிப் போய்விடும். ஐந்து வில்லைகளுக்குப் பத்துப் பரப்புகள். மூன்றிலொரு பங்கு ஒளி வழியிலேயே வீண். இதைத் தடுக்கும் மென்பூச்சை ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டது 1935-இல். ஈரம் புகுந்து வில்லை பனிக்காதபடி நைட்ரஜன் வாயுவை அடைத்து மூடும் முறை அமெரிக்காவில் பரவியதோ 1940-களின் இறுதியில். நம் நாட்டு மழைக்காலக் காட்டில் அதற்கு முன் ஒரு குழாயைச் சுமந்து சென்றவன் பட்ட பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ!

1926-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், குலாப்ராய் என்னும் இடத்தில் யாத்திரைப் பாதையோரத்து மாமரத்தில் கார்பெட் அமர்ந்திருந்தார். கீழே கழுத்தில் மணி கட்டிய வெள்ளாடு. நிலவில்லாத கருக்கிருட்டு. இல்லாத ஒளியை எந்தக் கண்ணாடியும் உண்டாக்கித் தராது. திடீரென்று மணி ஒலித்தது. டார்ச் விளக்கின் விசையை அழுத்தினார். திறந்த இரும்புக் குறிகள் சிறுத்தையின் தோளுக்கு நேராகவே அமைந்திருந்தன. ரைபிளை இம்மியும் அசைக்காமல் சுட்டார். அந்த நொடியே விளக்கு அணைந்துவிட்டது.

குண்டு பட்டதா, பிழைத்ததா என்று தெரியாது. காயத்தோடு தப்பிய சிறுத்தை முன்னிலும் கொடியது. தவறியிருந்தால் மறுநாள் எந்த வீட்டில் ஒப்பாரி எழுமோ! விடியும்வரை மரத்தின்மேல் காத்திருந்து இறங்கிப் பார்த்தபோது, சரிவில் சிறிது தொலைவில் அந்தக் கிழச் சிறுத்தை மாண்டு கிடந்தது.

சில கஜ தூரத்தில் எட்டு மடங்குக் கண்ணாடி எதைக் காட்டியிருக்கும்? ரோமத்தை மட்டுமே. அது எந்த உறுப்பின் ரோமம் என்று தேடுவதற்குள் விலங்கு மறைந்திருக்கும். நம் தென்னாட்டிலும் இதே நிலைதான். அக்காலச் சேலம் மாவட்டத்து ஜவளகிரிக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடித் திரிந்த பெங்களூர் கென்னத் ஆண்டர்சன், தமது .405 வின்செஸ்டர் ரைபிளில் டார்ச் விளக்கைப் பூட்டிக்கொண்டே பரணில் இரவைக் கழித்தார்.

வில்லைக்கு நம் காடுகளில் வேறொரு பணி காத்திருந்தது. எஃப். டபிள்யூ. சாம்பியன் என்னும் வன அதிகாரி, புலியே கம்பியை இடறித் தன் படத்தை எடுத்துக்கொள்ளுமாறு இரவில் காமிராக்களை அமைத்து, 1927-இல் அப்படங்களை நூலாக வெளியிட்டார். கார்பெட்டும் பிற்காலத்தில் காமிராவையே அதிகம் நாடினார். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டு புலிகள் காப்புத் திட்டம் தொடங்கியதும் கார்பெட்டின் பெயர் தாங்கிய பூங்காவில்தான்.

சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியைக் கொன்றதற்காக, 1907-இல் ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஹியூவெட் அவருக்குப் பரிசளித்த .275 ரிக்பி ரைபிள் இன்னும் இருக்கிறது. கட்டையில் அச்செய்தி பொறித்த வெள்ளித் தகடு உண்டு. அதன் குழலின்மேல் இருப்பவை திறந்த இரும்புக் குறிகளே.