காகிதத்தில் ஓடிய கரண்ட்

கலிஃபோர்னியாவில் கரண்ட் கட் என்றால் நம்புவீர்களா? 2001 ஜனவரி 17. சிலிக்கான் பள்ளத்தாக்கு இருக்கிற அதே மாநிலத்தின் வடபகுதியில், ஏரியா ஏரியாவாக முறை வைத்து மின்சாரத்தை நிறுத்தினார்கள். மறுநாளும் அதே கதைதான்.

மின்சாரம் அரிசி மாதிரி இல்லை. மூட்டை கட்டி அடுக்கி வைக்க முடியாது. பெரிய அளவில் சேமிக்க அன்றைக்கு அங்கே வழியும் குறைவு. எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவு அந்த விநாடியே உற்பத்தியாக வேண்டும். அதனால், நாளைக்கு எந்த ஜெனரேட்டரை எத்தனை மணிக்கு ஓட்டினால் மலிவு என்று மின் கம்பெனிகள் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு வைக்கும்.

1998-ல் இந்தக் கணக்கை ஏலமாக்கினார்கள். 'பவர் எக்ஸ்சேஞ்ச்' என்று ஒரு சந்தை. நாளைய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விற்பவர்கள் விலை சொல்வார்கள். கம்ப்யூட்டர் மலிவானதிலிருந்து வரிசையாக அடுக்கும். தேவை எங்கே நிறைகிறதோ, அந்தக் கடைசி ஆள் கேட்ட விலைதான் எல்லோருக்கும். பத்து ரூபாய் கேட்டவருக்கும் நாற்பது கிடைக்கும்! ஆனால் இரண்டு பெரிய மின் கம்பெனிகள் வீடுகளில் வசூலிக்கும் கட்டணத்தை மட்டும் சட்டம் உயரவிடாமல் பிடித்து வைத்திருந்தது. வாங்குவது யானை விலை, விற்பது பூனை விலை.

இங்கேதான் என்ரான் வருகிறது. மகாராஷ்டிராவில் தாபோல் மின் நிலையம் கட்டியதே, அதே என்ரான்தான்.

மின் கம்பிகளில் நெரிசல் வந்தால், எதிர்த்திசையில் மின்சாரம் அனுப்புகிறவருக்குக் கலிஃபோர்னியா பணம் கொடுக்கும். இரண்டு ஓட்டமும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நெரிசல் தீரும் அல்லவா? என்ரான் அப்படி அனுப்புவதாக ஓர் அட்டவணை கொடுத்தது. அதே மின்சாரத்தை, மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தின் கம்ப்யூட்டர் பார்க்க முடியாத வெளிக்கம்பிகள் வழியாகப் புறப்பட்ட இடத்துக்கே திருப்ப இன்னோர் அட்டவணை. கூட்டிக் கழித்தால் பூஜ்யம். ஒரு யூனிட் கூட யார் வீட்டுக்கும் போகவில்லை. பணம் மட்டும் வந்துவிட்டது. கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாது. கொடுத்த கணக்கை அது ஒழுங்காகத்தான் போட்டது.

இந்த வித்தைக்கு அவர்கள் வைத்த பெயர் 'டெத் ஸ்டார்'. ஸ்டார் வார்ஸ் படத்தில் கிரகத்தையே பொசுக்குமே, அது! வக்கீல்கள் எழுதிவைத்த குறிப்புகள் 2002 மே மாதம் அம்பலமானபோதுதான் ஊருக்கு விஷயம் தெரிந்தது.

விளக்கு அணைந்ததற்கு டெத் ஸ்டார்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். நீர்மின்சாரம் குறைந்திருந்தது, எரிவாயு விலை எகிறியிருந்தது, சட்டமே சொதப்பல். ஆனால் 2005-ல் வெளிவந்த ஒரு தொலைபேசிப் பதிவு வேறு ரகம். என்ரான் ஆள் ஒருவர் லாஸ் வேகஸ் மின் நிலையத்தைக் கூப்பிட்டு, ஏதாவது சாக்கு சொல்லி நிறுத்திவிடச் சொல்கிறார். எதிர்முனையும் சம்மதிக்கிறது. நிறுத்தப்பட்ட நாள்? அதே 2001 ஜனவரி 17.

அந்த மாதமே பவர் எக்ஸ்சேஞ்ச் கடையைக் கட்டியது. ஏப்ரலில் பெரிய மின் கம்பெனியான பி.ஜி. அண்ட் இ. திவால். டிசம்பரில் என்ரானே திவால். 2003-ல் ஆளுநர் கிரே டேவிஸை மக்கள் வாக்களித்து இறக்கிவிட்டு, அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரை உட்கார வைத்தார்கள்.

கம்ப்யூட்டரை மட்டும் அவர்கள் தூக்கி எறியவில்லை. 2009 ஏப்ரலில் புதிய மென்பொருள் வந்தது. மாநிலக் கட்டமைப்பின் ஒவ்வொரு கம்பியும் அதன் கணக்கில் உண்டு. ஆயிரக்கணக்கான இணைப்புப் புள்ளிகளுக்குத் தனித்தனி விலை!